நூற்றுப் பன்னிரண்டு

மழை விட்டு அரை மணி ஆகவில்லை.
ஈரச் சாக்பீஸ் எழுத மறுக்கிறது.
மலாக்கி டியூப்ரிடி அதைக் கக்கத்தில் செருகிக் காயவைத்து
பலகையில் முதல் வரியை இழுக்கிறார்:
'நீதிபதியின் மருமகன்'. நாலுக்கு ஆறு.

நான் அட்ராக்டா, அவருடைய கணக்குப்பிள்ளை.
அயர்லாந்தின் மேற்குக் கரையில்
சேறு எங்கே உண்டோ அங்கே என் முக்காலி உண்டு,
பதினோரு வருடமாக.

பலகை என்ன சொல்கிறது என்று
ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்வேன்.
நாலுக்கு ஆறு என்றால்
பத்துத் தடவை ஓடினால் நாலு தடவை ஜெயிக்கும்,
அதுவும் நாங்கள் தாராளமாகப் போட்டது.
மிச்சம் ஆறு?
அதைத்தான் வெட்டவெளியில், கொட்டை எழுத்தில்,
எழுதி வைத்திருக்கிறோம்.

'தபால்காரன் பொய்', ஒன்றுக்கு மூன்று.
'கன்னிமடத்துச் சுவர்', ஐந்து.
'இரண்டாம் கெண்டி', எட்டு.
இன்னும் இரண்டு, ஒன்பதும் பத்தும்;
அவற்றின் சொந்தக்காரர்களே மழைக்குப் பயந்து வரவில்லை.

ஆறு குதிரைகளின் வாய்ப்பையும் கூட்டினால்
நியாயத்துக்கு நூறு வரவேண்டும்.
எங்கள் பலகையில் நூற்றுப் பன்னிரண்டு.
அந்த உபரிப் பன்னிரண்டில்
மலாக்கியின் பெட்ரோல், என் சம்பளம்,
அவர் மகள் பல்லுக்குக் கம்பி.

கூட்டம் வந்தது.
ஆட்டு வியாபாரிகள், கணக்கு வாத்தியார்,
பூசையை அவசரமாக முடித்த பாதிரியார்.
எல்லார் வாயிலும் மருமகன்.
மலாக்கி புறங்கையால் அழித்தார்: ஒன்றுக்கு ஒன்று.
இருபது நிமிடத்தில் குதிரைக்கு
ஐந்தாவது கால் முளைத்துவிடவில்லை.
அது வளையத்துக்குள் வாலை வீசி நடந்தபடி இருந்தது.
அதுவரை ஓடியது எண் மட்டும்.

எடை போடும் அறையில் இன்னொன்று பார்த்தேன்.
மூன்று முறை ஜெயித்த குற்றத்துக்காக
மருமகனின் சேணப் பைகளில்
ஈயத் தகடு செருகிக்கொண்டிருந்தார்கள்.
ஜெயிக்க ஜெயிக்க ஈயம்.
கெண்டியின் முதுகில் இருபத்து மூன்று ராத்தல் குறைவு.
எல்லாக் குதிரையும் ஒரே நொடியில்
கோட்டைத் தொடவேண்டும் என்று கனவு காணும் ஓர் அதிகாரி
எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து இதைக் கணிக்கிறார்.
அவர் வேலை பிசகாமல் நடந்தால்
ஃபேவரிட் என்று ஒன்று இருக்கவே கூடாது.

இவ்வளவும் தெரிந்த நான்
பக்கத்துப் பெட்டி ஹனோராவிடம் போய்
மருமகன் மேல் இரண்டு பவுண்டு வைத்தேன்.
காரணம் கேட்காதீர்கள்.
ஊரே கத்தப்போகும்போது
ஒரு தொண்டை மட்டும் சும்மா இருக்குமா?

கடைசித் தடைவரை அவன்தான் முன்னால்.
தாண்டினான், சுத்தமாகத்தான் தாண்டினான்.
இறங்கிய இடத்தில் சேறு
கடன் கொடுத்தவன் சட்டையைப் பிடிப்பதுபோல்
குளம்பை ஒரு கணம் பிடித்துக்கொண்டது.
கெண்டி வந்துவிட்டது.
கழுத்தளவு வித்தியாசம்.

ஜாக்கி விலைபோய்விட்டான் என்றார் ஒரு வியாபாரி.
காலையிலேயே தண்ணீர் காட்டிவிட்டார்கள் என்றார் வாத்தியார்.
பாதிரியார் சீட்டை நாலாக மடித்து
அங்கிக்குள் எங்கோ போட்டார்.
பத்தில் அந்த ஆறு இருக்கிறதே,
அதில் ஒன்று வந்து போயிருக்கிறது என்று
யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.
என் இரண்டு பவுண்டு போன துக்கம் எனக்கு.

மலாக்கிக்கும் கொண்டாட்டம் இல்லை.
மீன் பதனிடும் ஆலையிலிருந்து வந்த ஒரு பெண்
ரப்பர் கையுறைகூடக் கழற்றாமல்
கெண்டி மேல் முப்பது வைத்திருந்தாள்.
இருநூற்று எழுபதை எண்ணி நீட்டியபடி கேட்டேன்:
எப்படித் தெரிந்தது?
"வீட்டுக் கெண்டி நேற்று ஓட்டையாகிவிட்டது" என்றாள்,
நோட்டுகளில் மீன் வாசம் ஏற.

எடை அறையில்
ஈயத் தகடுகளை உருவி மேசையில் போட்டார்கள்.
குதிரையின் சூடு இன்னும் ஆறவில்லை.
துடைக்கக்கூட இல்லை,
அடுத்த பந்தயத்து ஃபேவரிட்டுக்காக
ஒரு பையன் வந்து அள்ளிக்கொண்டு போனான்.